வார்டுக் காற்றும் வெள்ளைச் சீருடையும்

நார்வே தலைநகர் ஆஸ்லோவின் உல்லேவோல் மருத்துவமனையில் ஜோஹன்னஸ் ஹெய்ம்பெக் என்ற மருத்துவர் 1924-இல் ஒரு வேலையைத் தொடங்கினார். நர்சிங் பயிற்சிக்கு வரும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் சேரும்போதே ட்யூபர்குலின் பரிசோதனை செய்து குறித்துவைத்தார். பயிற்சிக் காலம் முழுவதும் அதைத் திரும்பத் திரும்பச் செய்தார். சேர்ந்தபோது ஏறத்தாழப் பாதிப் பேரிடம் காசநோய்க் கிருமி தீண்டியதற்கான அடையாளமே இல்லை. மூன்று ஆண்டுப் பயிற்சி முடியும்போது அப்படிப்பட்டவர் அநேகமாக ஒருவரும் மிஞ்சவில்லை. பயிற்சியின்போது நோயாகவே படுத்துவிட்டவர்களில் பெரும்பாலோர், வரும்போது தொற்றே இல்லாமல் வந்தவர்கள்.

அன்றைய மருத்துவ உலகுக்கு இது உவப்பான செய்தியாக இல்லை. நகரத்தில் பிறந்தவர் எல்லாரும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றைப் பெற்றுவிடுகிறார்கள், வயது வந்தபின் வருவது பழைய கிருமி விழித்துக்கொள்வதுதான் என்பது பாடப்புத்தகக் கருத்து. லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணக்குகளைக் காட்டி, காசநோயாளிகளிடையே வேலை செய்வதால் தனி ஆபத்து எதுவும் இல்லை என்று சாதித்தவர்கள் உண்டு. ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கி மார்பின் ஒலியைக் கேட்கக் கற்றுக்கொடுத்த லெனெக், 1826-இல் 45 வயதில் அதே நோயால் இறந்திருந்தார். கருத்து மட்டும் மாறவில்லை.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, சுகாதாரப் பணியாளருக்குக் காசநோய்த் தொற்று அதிகம் என்பதை யாரும் மறுப்பதில்லை. தகராறு வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது. அறிகுறி எதுவும் இல்லாத ஒரு நர்ஸை, ஒரு லேப் டெக்னீஷியனை, ஒரு ஹவுஸ் சர்ஜனைத் தொற்று இருக்கிறதா என்று சோதிக்க வேண்டுமா? சோதித்தால் எத்தனை முறை? இருக்கிறது என்று வந்தால் என்ன செய்வது? அமெரிக்கா பல ஆண்டுகள் வருடம் தவறாமல் சோதித்துவிட்டு, 2019-இல் அதை நிறுத்தச் சொன்னது. இந்தியாவில் அது வழக்கத்துக்கு வந்ததே இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற எனக்குத் தோன்றுவது இதுதான்: இந்தப் பரிசோதனை அவ்வளவாகப் பயன்படாத இடத்தில் ஆண்டுதோறும் நடந்தது, உண்மையிலேயே பயன்படக்கூடிய இடத்தில் நடக்கவே இல்லை.

தொற்று வேறு, நோய் வேறு

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கிருமி உடலுக்குள் புகுந்து, நோய் எதிர்ப்பாற்றலால் அடக்கப்பட்டுக் கிடப்பது தொற்று. அவருக்கு இருமல் இல்லை, சளியில் கிருமி இல்லை, அவரால் பிறருக்குப் பரவாது. உலக மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்த நிலையில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று 2019 முதல் 2021 வரை நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் சுமார் 31 சதவீதம் பேரிடம் தொற்றின் அடையாளம் இருந்தது. இவர்களில் வாழ்நாளில் நோயாளியாவோர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர். அந்த ஆபத்திலும் பெரும்பங்கு, தொற்று வந்த முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டு ஆண்டுக் கணக்கை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். பின்னால் வரும் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

தொற்றைக் கண்டுபிடிக்க இன்று கையில் இருக்கும் எந்தப் பரிசோதனையும் கிருமியைக் காட்டுவதில்லை. கிருமி வந்ததற்கான உடலின் நினைவைத்தான் காட்டுகிறது. கல்யாண வீட்டு மொய் நோட்டைப் புரட்டினால் யார் வந்தார் என்பது தெரியும். அவர் இன்னும் பந்தியில் இருக்கிறாரா, எப்போதோ கிளம்பிவிட்டாரா என்பது தெரியாது. அதுபோலத்தான் இதுவும். தொற்று எந்த ஆண்டு வந்தது, கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறதா, நாளை நோயாக மாறுமா என்ற கேள்விகளுக்கு ஒற்றைப் பரிசோதனையில் விடை இல்லை.

இருப்பதில் பழையது மாண்டூ பரிசோதனை. ராபர்ட் கோக் 1890-இல் காசநோய்க்கு மருந்தென்று அறிவித்து ஏமாற்றமாக முடிந்த ட்யூபர்குலின்தான் இதன் மூலப்பொருள். மருந்தாகத் தோற்றது, பரிசோதனையாக நிலைத்தது. வியன்னாவின் பிர்க்கே 1907-இல் தோலைக் கீறிச் சோதித்தார். பிரான்ஸின் ஷார்ல் மாண்டூ 1908-இல் தோலுக்குள் ஊசியாகப் போட்டார். முன்கையில் 0.1 மில்லி லிட்டர் மருந்து. 48 முதல் 72 மணி நேரம் கழித்துத் தடித்த இடத்தின் அகலத்தை அளக்க வேண்டும். சிவந்த இடத்தை அளக்கக் கூடாது, கை வைத்துத் தடவிப் பார்த்துத் தடிப்பை மட்டும் அளக்க வேண்டும். 10 மில்லி மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் பொதுவாகத் தொற்று என்று கொள்வார்கள். செலவு குறைவு, லேப் வேண்டாம். ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர் மூன்றாம் நாள் மறுபடி வர வேண்டும். நைட் டியூட்டி முடித்துத் தூங்கப் போன நர்ஸ் அளவு காட்டத் திரும்பி வருவார் என்று எதிர்பார்ப்பது, மருத்துவமனைப் பணி எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்கள் செய்யும் கற்பனை.

இதன் பெரிய குறை வேறு. காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசியும், மண்ணிலும் நீரிலும் வாழும் தீங்கற்ற உறவுக்காரக் கிருமிகளும் தோலைத் தடிக்க வைக்கக்கூடும். இதைத் தமிழ்நாட்டைவிட நன்றாக அறிந்த இடம் உலகில் அதிகம் இருக்காது. செங்கல்பட்டு வட்டாரத்தில் 1968-இல் தொடங்கிய மாபெரும் பிசிஜி ஆய்வில் 3,60,000-க்கும் அதிகமானோர் சேர்க்கப்பட்டார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று அந்த ஆய்வு முடிந்தது. சுற்றுப்புறக் கிருமிகள் இந்த வட்டாரத்து மக்களின் உடலை ஏற்கெனவே பழக்கிவைத்திருப்பது அதற்கு ஒரு காரணமாக இன்றுவரை பேசப்படுகிறது. அப்படியிருக்க, தோலில் 10 மில்லி மீட்டர் என்ற கோடு ஆஸ்லோவில் சொல்லும் பொருளையே செங்கல்பட்டிலும் சொல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்தவை 2000-க்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த இரத்தப் பரிசோதனைகள். காசநோய்க் கிருமியிடம் உண்டு, பிசிஜி கிருமியிடம் இல்லை என்ற இரண்டு புரதங்களை, ஈசாட்-6, சிஎஃப்பி-10, இரத்தத்தோடு சேர்த்து வைப்பார்கள். வெள்ளணுக்கள் அவற்றை முன்பே சந்தித்திருந்தால் இன்டர்ஃபெரான்-காமா என்ற பொருளைச் சுரக்கும். குவான்டிஃபெரான், டி-ஸ்பாட் போன்ற வணிகப் பெயர்களில் இவை கிடைக்கின்றன. மூன்றாம் நாள் வரத் தேவையில்லை. அளப்பவர் கைக்கு ஏற்ப முடிவு மாறுவதில்லை. ஆனால் லேப் வேண்டும், இரத்தத்தை உரிய நேரத்தில் பக்குவப்படுத்த வேண்டும், காசும் அதிகம். அண்மையில் இரண்டையும் கலந்த மூன்றாவது வழி வந்திருக்கிறது: அதே புரதங்களை மாண்டூ போலத் தோலில் போடுவது. இந்த வகையை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஏற்றுக்கொண்டது. அதில் ஒன்றான சை-டிபியைப் புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கிறது. பிசிஜி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் இதற்கு அளவு 5 மில்லி மீட்டர்தான்.

வார்தாவும் வேலூரும் சொன்ன கணக்கு

மகாராஷ்டிரத்தின் வார்தா அருகே, சேவாகிராமில் உள்ள மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் 726 பணியாளர்களுக்கு மாண்டூவையும் இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். மாண்டூவில் 41 சதவீதம் பேருக்கும் இரத்தப் பரிசோதனையில் 40 சதவீதம் பேருக்கும் தொற்று இருப்பதாக வந்தது. ஏதாவது ஒன்றில் வந்தவர்களைக் கூட்டினால் சரிபாதி. குழந்தைப் பருவத்தில் போட்ட பிசிஜி, பெரியவர்களின் மாண்டூ முடிவைப் பெரிதாகக் கெடுத்திருக்கவில்லை. விலை உயர்ந்த புதிய பரிசோதனை, பழையது சொன்னதையே ஏறக்குறைய அப்படியே சொன்னது. வேலை செய்த ஆண்டுகள் கூடக் கூடத் தொற்றும் கூடியது. மறு ஆண்டு ஏழை, நடுத்தர நாடுகளின் ஆய்வுகளை எல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சுகாதாரப் பணியாளரில் சராசரியாக 54 சதவீதம் பேரிடம் தொற்று இருந்தது தெரிந்தது.

மொத்தத்தில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற கணக்கு அவ்வளவு பேசாது. நாட்டிலேயே மூன்றில் ஒருவருக்கு இருக்கும்போது, அது மருத்துவமனையில் வந்ததா தெருவில் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? ஆண்டுக்கு எத்தனை பேருக்குப் புதிதாகத் தொற்றுகிறது என்பதுதான் உண்மையைக் காட்டும் எண். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நர்சிங் மாணவிகளைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தொற்று இல்லாத மாணவிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 8 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது. அந்தக் காலத்தில் பொது மக்களுக்கான தேசிய மதிப்பீடு ஆண்டுக்கு 1.5 சதவீதம். அதாவது ஐந்து மடங்கு. ஹெய்ம்பெக் ஆஸ்லோவில் கண்ட காட்சியின் மென்மையான வடிவம், எண்பது ஆண்டுகள் கழித்து நம் ஊரில். அதே மருத்துவமனையில் 1992-க்கும் 2001-க்கும் இடையே 125 பணியாளர்கள் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றதாக இன்னோர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. இந்த எண்களுக்காக வேலூரைக் குறை சொல்வது நியாயமில்லை. அவர்கள் எண்ணினார்கள், அதனால் தெரிந்தது. எண்ணாத மருத்துவமனைகளில் இதைவிடக் குறைவாக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

தொற்று எங்கிருந்து வருகிறது? பொதுவாகக் காசநோய் வார்டைத்தான் எல்லாரும் சுட்டுவார்கள். அங்கே போஸ்டிங் போட்டால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. உண்மை பெரும்பாலும் நேர்மாறு. அமெரிக்காவின் பால்டிமோரில் 1950-களின் பிற்பகுதியில் ரிச்சர்ட் ரைலியும் வில்லியம் வெல்ஸும் காசநோய் வார்டின் வெளியேறு காற்றை மேல்தளத்தில் கூண்டில் வைத்த கினிப் பன்றிகள்மேல் செலுத்தினார்கள். பன்றிகளுக்குத் தொற்று வந்தது. காற்றுதான் வழி என்பது உறுதியாயிற்று. சிகிச்சை தொடங்கிய நோயாளிகளிடமிருந்து பரவியது மிகக் குறைவு என்பதும் அங்கேயே தெரிந்தது. அதே காலத்தில் சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வு மையம், நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று காட்டி, உலகம் முழுவதும் சானடோரியங்களை மூட வைத்தது. ஆக, மருந்து சாப்பிடுகிறவரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. காய்ச்சல் என்றும், சர்க்கரை என்றும், வயிற்று வலி என்றும் சேர்க்கப்பட்டு, பொது மருத்துவ வார்டில் பெயர் தெரியாத நோயோடு இருமிக்கொண்டு படுத்திருப்பவர்தான் ஆபத்து. அவர் பக்கத்தில் யாரும் முகக்கவசம் போட்டிருக்க மாட்டார்கள்.

அமெரிக்கா ஏன் நிறுத்தியது

அமெரிக்க வரலாறு தனி. அங்கே 1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் நியூயார்க், மயாமி மருத்துவமனைகளில் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய், எச்ஐவி நோயாளிகளிடையே காட்டுத்தீயாகப் பரவியது. பணியாளர்களுக்கும் தொற்றியது, சிலர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியில் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் (சிடிசி) 1994-இல் விரிவான வழிகாட்டுதலை வெளியிட்டது. வேலையில் சேரும்போது ஒரு பரிசோதனை, பின் ஆண்டுதோறும் ஒன்று என்பது பெரும்பாலான மருத்துவமனைகளில் சடங்காகிவிட்டது.

நோய் குறைந்தது, சடங்கு குறையவில்லை. மாண்டூவுக்குப் பதில் இரத்தப் பரிசோதனை வந்தபோது குட்டு வெளிப்பட்டது. நான்கு அமெரிக்க நிறுவனங்களில் 2,563 பணியாளர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்த ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. தொற்று இல்லை என்றிருந்து இருக்கிறது என்று மாறியவர்கள் மாண்டூவில் 0.9 சதவீதம், குவான்டிஃபெரானில் 6.1, டி-ஸ்பாட்டில் 8.3. நவீனமானது கூடுதலாகக் கண்டுபிடிக்கிறது என்று மகிழ முடியவில்லை. மாறியவர்களை ஆறு மாதம் கழித்து மறுபடி சோதித்தால், நாலில் மூன்று பேர் பழையபடி இல்லை என்றே வந்தார்கள். கோட்டுக்கு மிக அருகில் நிற்கும் எண், காரணமில்லாமலே கோட்டைத் தாண்டும், திரும்பும். சேவாகிராமின் மாணவர்களிடமும் இந்த ஊசலாட்டம் முன்பே காணப்பட்டிருந்தது. ஒருவரை ஆண்டுக்கொரு முறை முப்பது ஆண்டுகள் சோதித்தால், தொற்றே இல்லாத ஆளையும் ஒருநாள் தொற்றாளர் என்று எழுத வைக்கலாம். பிறகு எக்ஸ்ரே, மருந்து, ஈரல் பரிசோதனை, மனக்கவலை.

2019 மே மாதம் வந்த புதிய அறிவுரை இதைத் திருத்தியது. வேலையில் சேரும்போது எல்லாருக்கும் ஒரு பரிசோதனை, கூடவே அறிகுறி விசாரணை. அதன்பின் நோயாளியோடு பாதுகாப்பின்றிப் பழகியது தெரிந்தாலோ, மருத்துவமனைக்குள் பரவுவது தெரிந்தாலோ ஒழிய, ஆண்டுப் பரிசோதனை வேண்டாம். தொற்று உள்ளவருக்குத் தடுப்பு மருந்தை வலியுறுத்திச் சொல்லுங்கள் என்றது. அமெரிக்கப் பணியாளரின் நோய் விகிதம் பொது மக்களின் விகிதத்தை ஒட்டியே இருக்கும் சூழலில் இது சரியான முடிவு. ஆனால் அந்த முடிவை நம் ஊர் நிர்வாகிகள் மேற்கோள் காட்டி, “அமெரிக்காவே விட்டுவிட்டது, நமக்கெதற்கு?” என்று கேட்டால் அது தவறான பாடம்.

காரணம் எளிய கணக்குதான். தொற்று அபூர்வமான இடத்தில், மாறி வரும் முடிவுகளில் பெரும்பாலானவை பொய். வேலூர் மாணவிகளைப் போல ஆண்டுக்கு ஆயிரத்தில் எண்பது பேருக்கு நிஜமாகவே தொற்று வரும் இடத்தில், மாறிய முடிவை இன்னொரு முறை உறுதி செய்துகொண்டால் மிஞ்சுபவர்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே புதிதாகத் தொற்றியவர்கள். அவர்கள்தான் அந்த இரண்டு ஆண்டு ஆபத்துக் காலத்தின் வாசலில் நிற்பவர்கள். பரிசோதனை ஒன்றேதான், அது அமெரிக்காவில் அரைவேக்காட்டுச் செய்தி தருகிறது, இங்கே உயிர் காக்கும் செய்தி தரக்கூடும்.

பணக்கார நாட்டுக்கு மட்டும் என்ற விதி

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலோ வேறு மாதிரி. காசநோய் குறைவாக உள்ள நாடுகளில் சுகாதாரப் பணியாளருக்குத் தொற்றுப் பரிசோதனையும் தடுப்பு மருந்தும் தரலாம் என்று முன்பு சொன்னது. நோய் மிகுந்த நாடுகளில் எச்ஐவி உள்ளவர்களும் நோயாளியின் வீட்டாருமே முன்னுரிமை. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டுத் தடுப்பு மருந்துத் திட்டமும் அதே வழியில், எல்லா வயது வீட்டாரையும் சேர்த்து விரிந்தது. வீட்டில் ஒரு நோயாளியோடு இருப்பவர் கணக்கில் வருகிறார். வார்டில் முப்பது நோயாளிகளோடு இருப்பவர் வருவதில்லை.

இதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒதுக்கிவிட முடியாது. பாதிப் பேருக்கு ஏற்கெனவே தொற்று இருக்கிறது. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸுக்குச் செய்து என்ன தெரியப்போகிறது? மருந்து கொடுத்து முடித்த மறுநாளே அதே வார்டில் மறுபடி தொற்று வராதா? தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் ஏறக்குறைய 27,000 தொழிலாளர்களைச் சேர்த்து நடத்திய திபேலா ஆய்வு இந்தக் கேள்விக்குக் கசப்பான விடை தந்தது. ஐசோனியசிட் என்ற தடுப்பு மருந்தைச் சாப்பிட்ட ஒன்பது மாதங்களில் நோய் பாதிக்கு மேல் குறைந்தது; நிறுத்தியதும் பயன் மறைந்துபோனது. 2014-இல் வெளியான அந்த முடிவு, சூழலை மாற்றாமல் ஆளை மட்டும் சிகிச்சை செய்வதன் எல்லையைக் காட்டியது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, எல்லாரையும் சோதிக்க வேண்டியதில்லை என்பதை மட்டும்தான். யாரையுமே சோதிக்க வேண்டாம் என்பதை அல்ல. பழைய தொற்று ஒரு பாதுகாப்பும் தருகிறது: மருந்து வருவதற்கு முந்திய காலத்து நர்சிங், மருத்துவ மாணவர்கள் போன்றோரின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்த 2012-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஏற்கெனவே தொற்றுள்ளவர் மறுபடி தொற்றி நோயாளியாகும் ஆபத்து, தொற்றே இல்லாதவரைவிட 79 சதவீதம் குறைவு என்று கணக்கிட்டது. ஹெய்ம்பெக் கண்டதும் இதைத்தான். ஆகவே நம் நாட்டில் மிகப் பெரிய ஆபத்தில் இருப்பவர் பழம்பெரும் தலைமை நர்ஸ் அல்லர். கிராமத்திலிருந்து பதினெட்டு வயதில், தொற்றே இல்லாத நுரையீரலோடு, முதல் கிளினிக்கல் போஸ்டிங்குக்கு வரும் மாணவி. தொற்று இல்லாத அரைவாசிப் பேரைச் சேரும்போதே அடையாளம் கண்டு, அவர்களை மட்டும் ஆண்டுக்கொரு முறை சோதித்தால் போதும். முதல் ஆண்டிலேயே வேலை பாதியாகிறது. ஒவ்வோர் ஆண்டும் இன்னும் குறைகிறது. மாண்டூவே பயன்படுத்தினாலும் தொடக்கத்தில் ஒன்று முதல் மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை செய்துவிட வேண்டும். பழைய நினைவை முதல் ஊசி தட்டி எழுப்பிவிடும். அதைப் பின்னால் புதுத் தொற்று என்று தவறாக எழுதாமல் தப்பிக்கலாம்.

தொற்று வந்தால் என்ன? முன்பு ஆறு முதல் ஒன்பது மாதம் தினம் ஒரு ஐசோனியசிட் மாத்திரை. நோயே இல்லாத இளைஞர் அவ்வளவு காலம் மாத்திரை விழுங்க மாட்டார். அதிலும் ஈரல் பாதிப்பு வரலாம் என்று பாடத்தில் படித்த மருத்துவர் நிச்சயம் விழுங்க மாட்டார். வாரம் ஒரு முறை வீதம் மூன்று மாதம், மொத்தம் 12 வேளை ரிஃபாபென்டினும் ஐசோனியசிட்டும் போதும் என்று 2011-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டிய பிறகு நிலைமை மாறியது. இந்தியத் திட்டத்திலும் அது இருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாளியிடமிருந்து தொற்றியவருக்கு இந்த மருந்துகள் உதவாது. அப்படிப்பட்டவருக்கு ஆறு மாதம் லெவோஃப்ளாக்சசினை உலக சுகாதார நிறுவனம் 2024-இல் பரிந்துரைத்தது. இது சும்மா ஏட்டில் இருக்க வேண்டிய பரிந்துரை இல்லை. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில், பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோயால் மருத்துவமனையில் சேர்வது பொது மக்களைவிடச் சுகாதாரப் பணியாளரிடையே ஐந்து மடங்குக்கு மேல் அதிகமாக இருந்தது. தாங்களே நோயில் விழுந்து எழுந்த அந்நாட்டு மருத்துவர்கள் டிபி புரூஃப் என்ற அமைப்பைத் தொடங்கிக் குரல் கொடுத்தார்கள். நம் நாட்டு மருத்துவர் சங்கங்களிடம் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

சொல்லாமல் மறைப்பவர்கள்

பரிசோதனை என்பது மருத்துவப் பிரச்சினை மட்டுமில்லை, வேலைப் பிரச்சினையும்கூட. “உனக்கு டிபி இருக்கு” என்ற வார்த்தை ஹாஸ்டலில் பரவினால் என்ன நடக்கும் என்பது நர்சிங் மாணவிகளுக்குத் தெரியும். தொற்று என்பது நோயில்லை என்று பாடமெடுக்கும் ஆசிரியையே, அந்த மாணவியின் தட்டைத் தனியாக வைக்கச் சொல்லலாம். வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போகக் கனவு காண்பவருக்குப் பயம் இன்னும் அதிகம். வளைகுடா விசா மருத்துவச் சோதனையில் எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிந்தாலே தகுதியில்லை என்று முத்திரை குத்தப்படலாம். இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகும் இந்தியரும் எக்ஸ்ரே காட்ட வேண்டும். தொற்று மட்டும் உள்ளவருக்கு எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது. ஆனால் இந்த வேறுபாட்டைப் பொறுமையாக விளக்காத நிறுவனத்தில், முடிவை ரகசியமாக வைக்காத நிறுவனத்தில், யாரும் கையை நீட்ட மாட்டார்கள். நீட்டாதது அவர்கள் தப்பும் இல்லை.

இன்னொரு கூட்டம் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. சளிக் கோப்பையை எடுத்துக் கொட்டுபவர், படுக்கை விரிப்பை உதறுபவர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், எக்ஸ்ரே அறைக்கு வெளியே வரிசை ஒழுங்குபடுத்துபவர். பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்; கம்பெனி மாறினால் ஆளும் மாறுவார். சேவாகிராம் போன்ற ஆய்வுகள் இவர்களையும் எண்ணின. அன்றாட நிர்வாகம் எண்ணுவதில்லை. சட்டம் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை: 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையே, மருத்துவப் பணியிலும் ஆய்வகப் பணியிலும் பெறும் தொற்றுநோய்களைத் தொழில்சார் நோயாக ஏற்றது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2010-ஆம் ஆண்டுப் பட்டியலில் காசநோய் பெயர் சொல்லியே இருக்கிறது. ஆனால் நோய் வேலையில்தான் வந்தது என்று காட்டுவது எப்படி? சேரும்போது தொற்று இல்லை என்ற பதிவு ஒன்றுதான் கையில் பிடிக்கக்கூடிய சான்று. அந்தப் பதிவை எடுக்காத நிறுவனம், செலவோடு சேர்த்துப் பொறுப்பையும் மிச்சப்படுத்திக்கொள்கிறது. மாணவியும் ஹவுஸ் சர்ஜனும் தொழிலாளர்தானா என்ற கேள்வி வேறு தனியாக இருக்கிறது.

காற்றை அளக்கும் கருவி

பரிசோதனைக்கு இன்னொரு பயன் உண்டு. அதைப் பேசுபவர் குறைவு. ஒரு வார்டில் போஸ்டிங் முடித்த மாணவிகளில் நால்வருக்குப் புதிதாகத் தொற்று வந்தால், அது நாலு பேரின் செய்தியாக மட்டும் முடிந்துவிடுவதில்லை. அந்த வார்டின் காற்றைப் பற்றிய செய்தியும்கூட. பெரூவின் லிமாவில் மருத்துவமனைகளின் காற்றோட்டத்தை அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். ஜன்னலும் கதவும் திறந்த அறைகளில் மணிக்கு 28 முறை காற்று மாறியது; விலை உயர்ந்த இயந்திரக் காற்றோட்டம் கொண்ட அறைகளில் 12 முறை. உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கட்டடங்களில் 40 முறை. நவீனக் கட்டடங்களில் 17. டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கியபோது காசநோய்க்கு மருந்தே கிடையாது. திறந்த காற்றும் வெயிலும் ஓய்வும்தான் வைத்தியம். நோயாளிக்காகக் கட்டிய அந்தக் காற்று, வேலை செய்தவர்களையும் காத்திருக்கும். இன்று ஏ.சி. குளிருக்காக ஜன்னலை ஆணியடித்து மூடிய ஓ.பி. அறையில், பூட்டிய வார்டில், அதைத் தலைகீழாக்கிவிட்டோம். மத்திய சுகாதார அமைச்சகம் 2010-லேயே காற்றுவழித் தொற்றுத் தடுப்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. கொரோனா வந்து எல்லார் முகத்திலும் என்-95 மாட்டியது. இரண்டும் போன வேகத்தைப் பார்த்தால், அறிவுரை மட்டும் போதாது, ஆண்டுதோறும் கண்ணில் குத்தும் ஒரு எண் வேண்டும் என்று தோன்றுகிறது. புதுத் தொற்று விகிதம் அந்த எண்ணாக இருக்கலாம். வார்டு வாரியாகப் போட்டு, பெயரில்லாமல் வெளியிட்டால், ஜன்னல் திறப்பதற்கு வேறு சுற்றறிக்கை தேவைப்படாது.

வயதில் மூத்த பணியாளருக்குத் தொற்றுப் பரிசோதனை வேண்டாம். இரண்டு வாரம் இருமினால் சம்பளம் பிடிக்காமல் விடுப்பும், அதே நாளில் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அதுவே. இளம் மாணவர்களுக்குத் தொடங்க இன்று தடையாக நிற்பது அறிவியல் இல்லை. பரிசோதனை இந்தியாவிலேயே தயாராகிறது, 12 வேளை மருந்து அரசுத் திட்டத்தில் இருக்கிறது, ஆபத்தின் அளவை வேலூர் 2011-லேயே சொல்லிவிட்டது. மருத்துவக் கல்லூரிகளும் நர்சிங் கல்லூரிகளும் வரும் கல்வி ஆண்டிலிருந்து, முதல் வார்டு போஸ்டிங்குக்கு முன் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பரிசோதனை செய்து, முடிவை அவர் கையிலேயே கொடுக்கட்டும்.